சொட்டும் பிரேக், பிடித்துவைத்த கார்

கேள்வி: ஐயா, பாபநாசம் பக்கம் விவசாயம் செய்கிறேன். ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வேகமான கார் ஒன்று வாங்கினேன். முன்பக்க காலிப்பரில் பிரேக் ஆயில் கசிந்ததால் திருச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சீல் கிட் மாற்றியதாகச் சொல்லி 14,000 ரூபாய் வாங்கினார்கள். பில் இல்லை, துண்டுச்சீட்டுதான். மூன்றே வாரத்தில் மறுபடி கசிவு. திரும்பக் கொண்டுபோனால், "பிஸ்டனே அரித்துவிட்டது, முழு காலிப்பரும் மாற்றணும்" என்கிறார்கள். வேண்டாம் என்றதும், போன வருடம் கிளட்ச் வேலைக்கு பாக்கி இருக்கிறது என்று காரைத் தர மறுக்கிறார்கள். போலீஸில் புகார் தரலாமா?

பதில்: தரலாம், "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள். கோபத்தை ஸ்டேஷனில் செலவழிக்க வேண்டாம்.

முதலில் கார். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170-ன்படி, ஒரு பொருளில் வேலை பார்த்தவர் அந்த வேலைக்கான கூலி வரும்வரை அதைப் பிடித்துவைக்கலாம். அந்த வேலைக்கு மட்டும்தான். பழைய பாக்கிக்காகப் பிடித்துவைக்கும் உரிமையை 171-ம் பிரிவு வங்கியாளர் போன்ற சிலருக்கே தருகிறது. நீங்களே வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, மெக்கானிக்குக் கிடையாது. இதைக் குறிப்பிட்டு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். இந்த முறை கழற்றிப் பார்த்ததற்குக் கூலி கேட்டால், "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். சில நூறு ரூபாய்க்காக கார் அங்கே வெயிலில் நிற்க வேண்டாம்.

அடுத்தது 14,000. "நாங்கள் சீல்தானே மாற்றினோம், பிஸ்டன் கெட்டால் நாங்களா பொறுப்பு?" என்பார்கள். பிஸ்டனில் துருக்குழி விழுந்திருந்தால் புது சீலும் ஒழுகும். சீல் மாற்றப் பிஸ்டனை வெளியே எடுத்தே ஆக வேண்டும். அப்போது குழி கண்ணில் படாமலா போகும்? பார்த்தும் சொல்லாமல் மூடியிருந்தால் அது சேவைக் குறைபாடு. கழற்றவே இல்லையென்றால் பணம் வாங்கியதே மோசடி. மூன்று வாரத்தில் பிஸ்டன் இப்படி அரிக்குமா என்பதை நிபுணர் சொல்லட்டும்.

அதனால்தான் அந்த காலிப்பர் உங்களுக்கு முக்கியம். யார் புதிதாக மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்குங்கள், படம் எடுங்கள், காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். குறைபாட்டை நிரூபிக்கும் சுமை புகார்தாரருடையது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 38-ம் பிரிவில் வழி உண்டு. பில் தராததும் அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைதான். துண்டுச்சீட்டையும், பணம் அனுப்பிய வங்கிப் பதிவையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒர்க்‌ஷாப் திருச்சியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டம் என்பதால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை (என் தொழிலுக்கு நானே வேட்டு வைக்கிறேன்). கெடு இரண்டு ஆண்டு.

ஒன்று மட்டும்: காரை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். ஆபத்தான கோளாறு எனத் தெரிந்தே ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190-ன்படி 1,500 ரூபாய் அபராதம். அதனால் விபத்து நடந்து ஆளுக்கோ சொத்துக்கோ சேதமானால் மூன்று மாதம்வரை சிறையும் உண்டு. அறுவடைக் காலத்தில் நம் ஊர் ரோட்டில் பாதி நெல் காயும், மீதியில் டிராக்டர் வரும். பிரேக் இல்லாமல் அதில் நுழைவது வேண்டாத வேலை. டோ வண்டியில் ஏற்றி வாருங்கள். அதற்கான ரசீதையும் புகாரில் நஷ்டக் கணக்கோடு சேருங்கள்.