கைப்பிடியும் பொத்தானும்

நுழையும்முன்

மின்விசிறியின் வேகத்தைத் திருகிக் கூட்டுகிறோம். விளக்கைப் பொத்தானை அழுத்தி எரியவிடுகிறோம். இரண்டும் கையின் வேலைகளே. எனினும், இரண்டிலும் கைக்குக் கிடைக்கும் உரிமை ஒன்றன்று. இயந்திரத்திடம் எவ்வளவு ஒப்படைப்பது, எவ்வளவைக் கையில் வைத்துக்கொள்வது என்னும் வினாவோடு பல துறைகளைக் கடந்து வந்த பொறியாளர் ஒருவரை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

ஆழ்கடலில் ஓர் இயந்திரக் கை

பில் வெர்பிளாங்க் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், மனிதனும் இயந்திரமும் சேர்ந்து இயங்கும் முறைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அங்குத் தாமஸ் ஷெரிடன் என்னும் பேராசிரியருடன் இணைந்து 1978ஆம் ஆண்டு ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டார். கடலுக்கடியில் வேலைசெய்யும் இயந்திரக் கைகளை மேலிருந்தபடியே இயக்குவது எப்படி என்பது அதன் பொருள்.

இதிலுள்ள இடர்ப்பாட்டை எளிய கணக்கொன்றால் அறியலாம். வானொலி அலைகள் கடல்நீரில் நெடுந்தொலைவு செல்வதில்லை. ஆகவே, கம்பித் தொடர்பு இல்லாதபோது ஒலியலைகளையே நம்ப வேண்டும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். 3000 மீட்டர் ஆழத்திலுள்ள கைக்கு ஆணை சென்றுசேர 2 நொடிகள் ஆகின்றன. அது அசைந்ததா என்னும் செய்தி திரும்பிவர இன்னும் 2 நொடிகள். நான்கு நொடிக்கு முந்தைய நிலையைக் கண்டு ஒருவர் திருகாணியை முடுக்க முயன்றால் என்னவாகும்? கை குழாயில் மோதிய செய்தி வருவதற்குள் குழாய் வளைந்திருக்கும்.

எனவே, சில முடிவுகளைக் கீழேயுள்ள கணினியிடமே விட்டுவிட வேண்டியதாயிற்று. எவ்வளவு விடுவது? இதற்கு விடையாக ஷெரிடனும் வெர்பிளாங்க்கும் பத்துப் படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். முதற்படியில் எல்லாவற்றையும் மனிதனே செய்கிறான். மேலேறும்தோறும் கணினி வழிகளை எடுத்துக்காட்டுகிறது. அவற்றுள் ஒன்றைப் பரிந்துரைக்கிறது. மனிதன் ஒப்பினால் செய்கிறது. பின்னர்ச் செய்துமுடித்துவிட்டுச் சொல்கிறது. பத்தாம் படியில் கணினியே எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. மனிதனைக் கேட்பதே இல்லை. தானியங்கிகளைப் பற்றிய ஆய்வுகளில் இவ்வளவுகோல் இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஓட்டுநரில்லா மகிழுந்தைப் பற்றி வாதிடுவோர் பலரும், தாம் எந்தப் படியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் வாதம் பாதியாகக் குறையும்.

மேசையும் சுட்டியும்

அடுத்து, ஜெராக்ஸ் நிறுவனத்தில் ‘ஸ்டார்’ என்னும் அலுவலகக் கணினியை உருவாக்கிய குழுவில் அவர் பணியாற்றினார். அக்கணினி 1981ஆம் ஆண்டு வெளிவந்தது. கோப்பு, உறை, அஞ்சல்தட்டு ஆகியன சிறு படங்களாகத் திரையில் தோன்ற, அவற்றைச் சுட்டியால் தொட்டு இயக்கும் முறை அதில் இருந்தது. இன்று நம் கணினித் திரையில் காணும் காட்சிக்கு அது முன்னோடி. எந்தப் படம் மக்களுக்கு எளிதில் புரிகிறது, சுட்டிக்கு எத்தனை பொத்தான்கள் வேண்டும் என்பனவற்றை வடிவமைப்பாளரின் விருப்பத்திற்கு விட்டுவிடவில்லை. நான்கு வகைப் படத்தொகுதிகளை வரைந்து, பயன்படுத்துவோரிடம் கொடுத்துச் சோதித்தனர். சுட்டிக்கு இரண்டு பொத்தான்கள் அமைந்தன. விலை மிகுதியால் ஸ்டார் சந்தையில் வெல்லவில்லை என்பது வேறு செய்தி.

ஒரு துறைக்குப் பெயர்

பில் மாக்ரிட்ஜ் ஆங்கிலேயர். பொருள்களுக்கு வடிவம் தருவதில் வல்லவர். மூடித் திறக்கும் தொடக்ககால மடிக்கணினிகளுள் ஒன்றான ‘கிரிட் காம்பஸ்’ அவர் வடிவமைத்ததே. அதன் கீலையும் உறையையும் நுணுகி நுணுகிச் செய்தவர், அதனைப் பயன்படுத்தத் தொடங்கியதும் உறையையே மறந்தார். அவர் மனம் முழுவதும் திரைக்குள் நிகழ்வனவற்றில் சென்றுவிட்டது. அவ்வாறெனில், அந்நிகழ்வையும் ஒருவர் வடிவமைக்க வேண்டுமன்றோ? 1980களின் நடுவில் மாக்ரிட்ஜும் வெர்பிளாங்க்கும் அவ்வேலைக்கு ‘ஊடாட்ட வடிவமைப்பு’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். மாக்ரிட்ஜ் முதலில் நினைத்த பெயர் ‘மென்முகம்’ என்னும் பொருளுடையது. அது நிலைக்காமற்போனது நன்றே.

இத்துறையை மாணவர்க்கு விளக்கும்போது வெர்பிளாங்க் பேசிக்கொண்டே படம் வரைவார். ஒரு பொருளை எப்படி இயக்குகிறோம், அது தரும் மறுமொழியை எப்படி உணர்கிறோம், அதைப் பற்றி எப்படி அறிகிறோம் என்னும் மூன்று வினாக்கள் அப்படங்களில் இடம்பெறும். முதல் வினாவுக்கான விடையில்தான் கைப்பிடியும் பொத்தானும் வருகின்றன. பொத்தானை அழுத்தினால் இயந்திரம் தன் வேலையைத் தொடங்கிவிடும். அதன்பின் நமக்கு அங்கே வேலையில்லை. கைப்பிடியோ நம் பிடியிலேயே இருக்கிறது. சிறிது கூட்டலாம், சிறிது குறைக்கலாம். ஆர்மோனியத்தின் கட்டையையும் வீணையின் தந்தியையும் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். கட்டை தனக்குரிய சுரத்தை மட்டுமே தரும். தந்தியை இழுத்தால் இரு சுரங்களுக்கு இடைப்பட்ட இடமெல்லாம் விரலுக்கு உரியது. (பொத்தான் என்னும் சொல் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது; கைப்பிடியோ தமிழ்ச்சொல்.)

மீண்டும் கைக்கு

1992ஆம் ஆண்டுக்குப்பின் வெர்பிளாங்க் திரையை விட்டு மீண்டும் தொடுபொருள்களுக்கு வந்தார். உணரிகள், மின்னோடிகள், விரல்நக அளவேயான நுண்கட்டுப்படுத்திகள் ஆகியவற்றைக் கொண்டு, புறவுலகின் அசைவை அறிந்து தானும் அசையும் பொருள்களைச் செய்வது பருப்பொருள் கணிமை எனப்படும். இத்தாலியின் இவ்ரியா நகரிலிருந்த ஊடாட்ட வடிவமைப்பு நிறுவனத்தோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. உலகெங்கும் மாணவர்கள் கையாளும் ‘ஆர்டுயினோ’ மின்பலகை 2005ஆம் ஆண்டு அந்நகரில்தான் பிறந்தது.

ஸ்டான்ஃபோர்டின் இசை ஆய்வு மையத்தில் அவர் மேக்ஸ் மேத்யூஸுடன் இணைந்து பணியாற்றினார். மேத்யூஸ் எளிய மனிதரல்லர். 1957இலேயே கணினியை இசைக்கச் செய்தவர். இவர்கள் உருவாக்கிய கருவிகளுள் ஒன்றன் பெயர் ‘பலகை’. கழித்துப் போடப்பட்ட கணினி வன்தட்டு ஒன்றைத் திறந்தால், வட்டின்மீது தகவலைப் படிக்கும் முனையை அங்குமிங்கும் நகர்த்தும் சிறு மின்னோடி இருக்கும். மிக விரைவானது, மிகத் துல்லியமானது. அதையே எடுத்து, வட்டுக்கு மாறாக மனித விரலைத் தாங்குமாறு அமைத்தனர். விரல் நகரும்போது அதன் இடத்தை நுண்கட்டுப்படுத்தி அளக்கிறது. அவ்விடத்திற்கு ஏற்ப மின்னோடி எதிர்த்துத் தள்ளுகிறது. கணினிக்குள் கணக்காக மட்டுமே இருக்கும் ஒரு தந்தியின் வளைவு, விரலின்கீழ் மேடாகவும் பள்ளமாகவும் படுகிறது. அம்மேட்டை அழுத்தினால் ஒலி மாறுகிறது. மாறிய ஒலியின் வடிவம் மறுநொடியே விரலைத் தள்ளுகிறது. ஆழ்கடல் இயந்திரக் கையை இயக்கியவருக்கு நான்கு நொடிக்குப்பின் கிடைத்த மறுமொழி, இங்கே விரலை எடுக்குமுன்பே கிடைத்துவிடுகிறது.