கண்ணும் காதும் காவல்

நுழையும்முன்

விளக்கும் இல்லை, போக்குவரத்துக் காவலரும் இல்லை. அத்தகைய நாற்சந்தியில் இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் வந்தால் எது முதலில் செல்வது? வானத்திலும் இத்தகைய சந்திகள் உண்டு. அங்கே விபத்து நேராமல் காப்பது எது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

பெரிய விமான நிலையங்களில் உயர்ந்த கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்கும். எந்த விமானம் முதலில் இறங்க வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்பதை அங்குள்ள அலுவலர்கள் விமானிகளுக்கு அறிவிப்பர். எல்லா நிலையங்களிலும் இவ்வசதி இல்லை. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்குரிய விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000 உள்ளன. அவற்றுள் கோபுரம் உடையவை ஏறத்தாழ 500 மட்டுமே. ஏனைய நிலையங்களில் விமானிகள் தாமே பார்த்து, தாமே பேசி, ஒருவருக்கொருவர் வழிவிட்டு இறங்குகின்றனர்.

அவர்களுக்கு முதற்காவல் ஒழுங்கு. ஓடுபாதையை ஒரு பக்கமாகக் கொண்டு, வானில் ஒரு நீள்சதுரம் வரைந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இறங்க வரும் சிறு விமானங்கள் தரையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் அந்த நீள்சதுரத்தில் சேர்கின்றன. முதலில் ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிர்த்திசையில் பறக்கின்றன. பின்னர் ஒருமுறை திரும்பி, மீண்டும் ஒருமுறை திரும்பி, ஓடுபாதைக்கு நேராக வந்து காற்றை எதிர்த்து இறங்குகின்றன. காற்றின் திசையை நிலையத்தில் கட்டப்பட்டிருக்கும் துணிப்பை காட்டும். திருப்பங்கள் பெரும்பாலும் இடப்புறமாகவே அமையும். எல்லாரும் ஒரே வழியில் செல்வதால், பிறரை எங்கே தேடவேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும்.

இரண்டாவது காவல் சொல். நிலையத்தை நெருங்குவோர் அனைவரும் ஒரே வானொலி அலைவரிசையில் பேசுவர். 10 மைல் தொலைவிலிருந்தே விமானி நிலையத்தின் பெயர், தம் விமானம், தாம் இருக்கும் இடம், செய்யப்போகும் செயல் ஆகியவற்றைக் கூறுவார். இறுதியில் நிலையத்தின் பெயரை மீண்டும் கூறுவார். அருகிலுள்ள வேறு நிலையங்களும் அதே அலைவரிசையைப் பயன்படுத்தக்கூடும் என்பதே இதற்குக் காரணம். வானொலி இல்லாத பழைய விமானங்களும் உண்டு. எனவே குரல் கேட்கவில்லை என்பதற்காக வானில் எவரும் இல்லை என்று முடிவு செய்தல் தவறு.

மூன்றாவது காவல் கண். மோதும் வழியில் வரும் விமானம் கண்ணாடியில் நகர்வதில்லை. ஒரே இடத்தில் சிறு புள்ளியாக நின்று, இறுதி நொடிகளில் திடீரெனப் பெரிதாகும். நகரும் பொருளை எளிதில் காணும் கண், நகராத புள்ளியைத் தவறவிடுகிறது. ஆதலால் விமானி வானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் சற்றே நின்று நோக்க வேண்டும்.

இம்மூன்றும் ஒன்றுகூட வேண்டும் என்பதை ஒரு துயர நிகழ்ச்சி உணர்த்துகிறது. கலிபோர்னியா மாநிலத்தின் வாட்சன்வில் நகர விமான நிலையத்தில் கோபுரம் இல்லை. 2022 ஆகஸ்ட் 18 அன்று, செஸ்னா 152 என்னும் இருவர் அமரும் சிறு விமானம் அங்கே நீள்சதுர வழியில் பறந்துகொண்டிருந்தது. செஸ்னா 340 என்னும் இரட்டை எஞ்சின் விமானம் தொலைவிலிருந்து ஓடுபாதையை நோக்கி நேராக வந்தது. அவ்வாறு நேராக வருவது விதிக்கு மாறானதன்று. 10 மைலிலும் 3 மைலிலும் அதன் விமானி தம் வருகையை அறிவித்தார். சிறு விமானத்தில் இருந்தவரும் தம் நிலையை அறிவித்தார். இருவரும் பேசினர், ஆயினும் மோதினர்.

ஏன்? பெரிய விமானம் மணிக்கு ஏறத்தாழ 180 கடல் மைல் வேகத்தில் வந்தது. அவ்வேகத்தில் 3 கடல் மைலைக் கடக்க ஒரே நிமிடம் போதும். இறங்க வரும் சிறு விமானத்துக்கோ அதே தொலைவைக் கடக்க ஏறத்தாழ மூன்று நிமிடம் வேண்டும். 'மூன்று மைல்' என்னும் சொல் ஒன்றே; அது குறிக்கும் காலம் வேறு. தம் முன்னே சிறு விமானம் பறப்பதைப் பெரிய விமானத்தின் விமானி கண்டு விலகவில்லை. பின்னால் விரைந்து வருவதைக் கண்ட சிறு விமானத்தின் விமானி, தாம் இறங்காமல் மேலேறிச் சுற்றி வருவதாக அறிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மூவர் உயிரிழந்தனர். முன்செல்லும் விமானத்தைக் கண்டு விலகத் தவறியதே காரணம் என விசாரணையில் தெரியவந்தது.

பேசுவது மட்டும் போதாது. கேட்பவர் அதை எவ்வாறு புரிந்துகொள்வார் என்றும் எண்ண வேண்டும். கேட்டது மட்டும் போதாது. கண்ணால் கண்டு உறுதி செய்ய வேண்டும். ஐயம் எழுந்தால் இறங்குவதை விடுத்து, மீண்டும் ஒருமுறை சுற்றி வர வேண்டும். அதனால் இழப்பது சில நிமிடங்களே, காப்பது உயிர்.

சொல்லும் பொருளும்

நாற்சந்தி – நான்கு தெருக்கள் கூடும் இடம்
ஓடுபாதை – விமானம் ஏறவும் இறங்கவும் ஓடும் பாதை
ஏனைய – மற்ற
ஐயம் – சந்தேகம்

பயிற்சி

1. நிலையத்தின் பெயரை விமானி இருமுறை கூறுவது ஏன்?
2. மோதும் வழியில் வரும் விமானம் கண்ணுக்கு எளிதில் புலப்படாதது ஏன்?
3. இரு விமானிகளும் பேசியிருந்தும் விபத்து நேர்ந்தது ஏன்? உம் சொற்களில் விளக்குக.
4. பிரித்து எழுதுக: நாற்சந்தி, இவ்வசதி, முதற்காவல்.
5. உம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை, கேட்பவருக்கு ஐயம் எழாதவாறு ஐந்து தொடர்களில் எழுதுக. அதை வீட்டில் உள்ள ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் எவ்வாறு புரிந்துகொண்டார் எனக் கேட்டறிக.