துவக்கு விற்பனையைத் தடை செய்தால் கொலைகள் குறையுமா?



அமெரிக்காவில் ஏதோவொரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்ததாகச் செய்தி வந்ததும் நம் வீடுகளிலும் ஒரு வாதம் எழுவதுண்டு. "கடையில் துவக்கு விற்கிற நாட்டில் வேறென்ன நடக்கும்? விற்பனையை நிற்பாட்டினால் எல்லாம் சரிவரும்" என்பார் ஒருவர். "கள்ளன் என்ன, கடைக்குப் போய்ப் பற்றுச்சீட்டு எழுதுவித்தா துவக்கு வாங்குகிறான்? சட்டம் போட்டால் நல்லவன் கையில்தான் இல்லாமற் போகும்" என்பார் மற்றவர். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஆனால் இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. குற்றங்கள் குறையுமா என்பது ஒரு கேள்வி. குற்றங்களினால் சாகிறவர் தொகை குறையுமா என்பது இன்னொரு கேள்வி. இவை இரண்டும் ஒன்றென எண்ணுவதினாலேயே இவ்விவாதம் முடிவின்றி நீளுகின்றது.

1968 ஆம் ஆண்டில் பிராங்க்ளின் சிம்ரிங் என்னும் அமெரிக்கச் சட்ட அறிஞர் சிக்காகோ நகரப் பொலிஸ் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார். கத்தியால் குத்தப்பட்டவர்களையும் துவக்கால் சுடப்பட்டவர்களையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். இரு வகைத் தாக்குதல்களும் பெரும்பாலும் ஒரே விதமாகவே தொடங்கியிருந்தன. குடிபோதை, குடும்பச் சண்டை, அறிமுகமானவர்களுக்கிடையே வாய்த்தர்க்கம் என்பனவே காரணங்கள். நாட்கணக்காகத் திட்டமிட்டுச் செய்த கொலைகள் சொற்பமே. அப்படியிருந்தும் துவக்கால் தாக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதலாக இறந்திருந்தனர். கோபம் ஒன்று, சண்டை ஒன்று. கைக்கெட்டிய பொருள் எது என்பதே ஒருவன் வைத்தியசாலைக்குப் போவதா சேமக்காலைக்குப் போவதா என்பதைத் தீர்மானித்தது.

அதே அறிஞர் கோர்டன் ஹோக்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து 1997 இல் வெளியிட்ட நூலில் லண்டனையும் நியூயோர்க்கையும் ஒப்பிட்டிருக்கின்றார். களவிலும் வீடுடைப்பிலும் லண்டன் நியூயோர்க்கிலும் முந்தி நின்றது! ஆனால் 1990களின் தொடக்கத்தில் ஓராண்டில் கொள்ளையராலும் வீடுடைப்போராலும் லண்டனில் கொல்லப்பட்டவர்கள் 7 பேர். நியூயோர்க்கிலோ 378 பேர். லண்டன் கள்ளர் மனச்சாட்சி மிக்கவர்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

இதே பாடத்தை நம் நாடு வேறொரு வழியில் கற்றிருக்கின்றது. 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேரில் ஏறத்தாழ 47 பேர் ஆண்டுதோறும் தற்கொலையால் இறந்தனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. கமக்கார வீடுகளின் கோடிக்குள் கிடந்த கிருமிநாசினிப் போத்தல்களே பெருங் காரணம். மிகக் கொடிய நஞ்சுள்ள கிருமிநாசினிகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அவ்வீதம் எழுபது சதவீதமளவில் குறைந்தது. இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தோர் தொகை அவ்வாறு குறையவில்லை. வறுமையும் மனவேதனையும் வீட்டுச் சண்டையும் அப்படியே இருந்தன. வந்தவர்கள் பிழைத்தனர், அவ்வளவே வேறுபாடு. ஆத்திரப்பட்டுப் போத்தலை எடுத்த பிள்ளை மறுவாரம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பிற்று.

நிற்க. துவக்கு விடயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நாடு அவுஸ்திரேலியா. 1996 ஏப்ரல் 28 ஆம் திகதி தஸ்மேனியாவிலுள்ள போர்ட் ஆதர் என்னும் சுற்றுலாத் தலத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். யோன் ஹவார்ட் பிரதமராகி இரண்டு மாதங்கூட ஆகியிருக்கவில்லை. பன்னிரண்டே நாட்களில், மே 10 ஆம் திகதி, எல்லா மாநிலங்களையும் ஒரு பொது உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். கமக்காரரும் வேட்டைக்காரரும் அவருடைய சொந்த ஆதரவாளர்கள்; அவர்களே கொதித்தெழுந்தனர். விக்டோரியா மாநிலத்தில் ஒரு கூட்டத்தில் அவர் சட்டைக்குள் குண்டு துளைக்காத அங்கி அணிந்தபடி பேச வேண்டியிருந்தது. வாக்குக்காக அரசியல் நடத்துபவர் எவரும் செய்யத் துணியாத காரியம் என்றே நான் கருதுகின்றேன்.

ஆனால் அச்சட்டத்தை விற்பனைக்கு முழுத்தடை என்று சொல்வது சரியாகாது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் றைபிள்களும் அவை போன்ற வேகமான சில துவக்குகளும் தடை செய்யப்பட்டன. மற்றவற்றுக்கு அனுமதிப்பத்திரமும் பதிவும் வேண்டும். வாங்குவதற்கு 28 நாட்கள் காத்திருக்க வேண்டும். தக்க காரணம் காட்ட வேண்டும். "என்னைப் பாதுகாக்க" என்பது தக்க காரணமாக ஏற்கப்படவில்லை. தடை செய்யப்பட்டவற்றை அரசே விலை கொடுத்து வாங்கிற்று. அதற்காக வரி செலுத்துவோரிடம் ஓராண்டுக்கு 0.2 வீத மேலதிக அறவீடு பெறப்பட்டது. ஏறத்தாழ 6,50,000 துவக்குகள் உருக்கியும் நொருக்கியும் அழிக்கப்பட்டன.

விளைவு என்ன? அதற்கு முந்திய 18 ஆண்டுகளில், ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ கொல்லப்பட்ட துப்பாக்கிச் சூடுகள் 13 நடந்திருந்தன. பின்வந்த 22 ஆண்டுகளில் ஒன்றேனும் நடக்கவில்லை. துவக்கால் நிகழ்ந்த கொலைகளும் தற்கொலைகளும் குறைந்தன. இவ்வளவோடு நிறுத்திக்கொள்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். அவ்வகை மரணங்கள் 1996 க்கு முன்னரே குறையத் தொடங்கியிருந்தன. 2016 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு, சட்டத்தின் பின் அக்குறைவு வேகமடைந்ததைக் காட்டியது. ஆனால் துவக்கோடு சம்பந்தமில்லாத கொலை, தற்கொலைகளும் அதே காலத்தில் குறைந்தமையால், எல்லாப் புகழையும் சட்டத்துக்கே கொடுக்க முடியாதென்று அதே ஆய்வு ஒப்புக்கொண்டது. மேலும், அங்கே கொள்ளைச் சம்பவங்கள் 2001 வரை கூடிக்கொண்டே சென்று பின்னரே தணிந்தன. களவு நிற்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அச்சட்டத்தால் ஏமாற்றமே.

இனி, கள்ளன் கடைக்குப் போவதில்லை என்ற வாதத்துக்கு வருவோம். இதற்குப் பிரித்தானியா நல்ல சான்று. 1996 மார்ச் 13 ஆம் திகதி ஸ்கொட்லாந்திலுள்ள டன்பிளேன் நகரப் பாடசாலையில் 16 சிறுவர்களும் அவர்களது ஆசிரியையும் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு இரு சட்டங்களினால் தனியாரிடம் கைத்துப்பாக்கி இருப்பது ஏறக்குறைய முற்றாகத் தடை செய்யப்பட்டது. 1,62,000 இற்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. ஆயினும் பின்வந்த சில ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கைத்துப்பாக்கிக் குற்றங்கள் ஏறக்குறைய இருமடங்காயின! காரணம் விளங்கத்தக்கதே. ஒப்படைத்தவர்கள் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக் கழகத்தார். போதைப்பொருட் கும்பல்களோ கடத்தி வந்தவற்றையும், போலித் துவக்குகளைத் திருத்தி அமைத்தவற்றையும் வைத்திருந்தன. ஆகவே அத்தடை கொள்ளையரை நிராயுதபாணிகளாக்கியது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் டன்பிளேன் கொலையாளி அந்த இரகத்தைச் சேர்ந்தவனல்லன். நான்கு கைத்துப்பாக்கிகளையும் அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருந்தவன் அவன். கள்ளச் சந்தையில் எவரையும் அறியாத அப்படிப்பட்ட ஒருவனுக்குத்தான் சட்டம் கதவை அடைத்தது. அதன்பின் பிரித்தானியப் பாடசாலை எதிலும் அத்தகைய படுகொலை நிகழவில்லை. தடைக்குள் அகப்படாத வேட்டைத் துவக்குகளும் றைபிள்களுமே 2010 இல் கும்பிரியாவில் 12 பேரைப் பலிகொண்டன.

ஒரு நகரம் மட்டும் தன் கதவைச் சாத்தினால் என்னாகும்? வாஷிங்டன் நகரம் 1976 இல் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. துவக்குக் கொலைகள் ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்ததாக 1991 இல் ஓர் ஆய்வு கூறியது. ஆனால் அதே 1991 இல், போதைப்பொருட் கும்பல்களின் சண்டையினால், அந்நகரில் 482 பேர் கொலையுண்டனர். பாலத்தைத் தாண்டினால் வேர்ஜினியா மாநிலம். அங்கே கடை திறந்திருந்தது. அத்தடையும் 2008 இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. ஆயுதம் வைத்திருப்பது அந்நாட்டு அரசியலமைப்பு அளிக்கும் உரிமை என்பது தீர்ப்பு. அங்கே பொதுமக்களிடமுள்ள துவக்குகள் 39 கோடிக்கு மேலென 2018 இல் மதிப்பிடப்பட்டது. சனத்தொகையிலும் அது கூட! நாளைக்கே விற்பனை நின்றாலும் இருப்பது பல தலைமுறைக்குப் போதும்.

பிறேசில் நாட்டவரிடம் இக்கேள்வி நேராகவே கேட்கப்பட்டது. 2003 இல் அங்கு கடுமையான சட்டம் வந்தது. அதையடுத்து நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட துவக்குகள் மக்களால் கையளிக்கப்பட்டன. தேவாலயங்களும் அவற்றைப் பெற்றுக்கொள்ளும் நிலையங்களாயின. 2004 இல் துவக்கு மரணங்கள் எட்டு வீதமளவில் குறைந்தன. விற்பனையை அறவே தடை செய்வதா என 2005 ஒக்டோபர் 23 இல் சர்வசன வாக்கெடுப்பு நடந்தபோது, ஆயர் பேரவை தடையை ஆதரித்தது. மக்களில் 64 வீதமானோர் "வேண்டாம்" என்றனர். அவர்களை அறிவிலிகள் என்று தள்ளிவிட முடியாது. பொலிஸாரை நம்ப முடியாத இடத்தில், தன் வீட்டைத் தானே காக்க வேண்டுமென்று தகப்பன் ஒருவன் எண்ணுவது இயல்பே. 2019 க்குப் பின் அந்நாட்டில் துவக்குச் சட்டங்கள் தளர்த்தப்பட்டபோதும் கொலைகள் 2017 இன் உச்சத்துக்குத் திரும்பவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. கும்பல்களின் சண்டையும் சமாதானமும் அங்கே சட்டத்திலும் பெரிய காரணிகள்.

ஆனால் அத்தகப்பனுக்குச் சொல்ல ஒன்றுண்டு. 1993 இல் வெளியான ஓர் அமெரிக்க மருத்துவ ஆய்வின்படி, துவக்குள்ள வீட்டில் கொலை நிகழும் அபாயம் துவக்கில்லாத வீட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு. சுட்டவர்கள் பெரும்பாலும் வெளியாரல்லர், உறவினரும் அறிமுகமானவருமே. 2021 இல் அமெரிக்காவில் துவக்கால் இறந்த 48,000 இற்கு மேற்பட்டோரில் பாதிக்கு மேல் தற்கொலைகள். இஸ்ரேல் இராணுவம் 2006 முதல் வார இறுதியில் வீடு செல்லும் இளஞ்சிப்பாய்களின் துவக்குகளை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகச் செய்தது. அவர்களிடையே தற்கொலை ஏறத்தாழ நாற்பது வீதம் குறைந்தது. துவக்கு மலிந்தும் கொலை குறைந்த நாடு என்று சுவிற்சர்லாந்தைக் காட்டுவார்கள். அங்கும் 2003 இன் பின் படையைப் பாதியாக்கியதனால் வீட்டுத் துவக்குகள் குறைய, இளவயது ஆண்களின் தற்கொலையும் குறைந்தது.

மீண்டும் அவுஸ்திரேலியாவுக்கு வருவோம். 1996 இன் பின்னர் அங்கே அனுமதிப்பத்திரத்துடன் துவக்குகள் மெல்ல மெல்லப் பெருகி 40 இலட்சத்தைத் தாண்டின. ஒருவர் இத்தனைதான் வைத்திருக்கலாம் என்று பெரும்பாலான மாநிலங்களில் வரையறை இருக்கவில்லை. 2025 டிசம்பர் 14 ஆம் திகதி சிட்னியின் பொண்டை கடற்கரையில் யூதர்களின் திருவிழாக் கூட்டத்தின் மீது தந்தையும் மகனும் சுட்டதில் 15 பேர் மாண்டனர். தந்தையின் பெயரில் ஆறு துவக்குகள் முறைப்படி பதியப்பட்டிருந்தன. சில நாட்களுக்குள் நியூ சவுத் வேல்ஸ் பாராளுமன்றம், ஒருவருக்கு நான்கு, கமக்காரருக்குப் பத்து எனச் சட்டமியற்றியது. மத்திய அரசும் துவக்குகளை விலைகொடுத்து வாங்கும் புதிய திட்டமொன்றை அறிவித்தது.