குண்டுமாரியும் குழந்தை உள்ளமும்

இடி முழக்கத்திற்கு அஞ்சாத குழந்தையும் தாய் கண்மறைந்தால் அலறுகிறதன்றோ? 1940 செப்டம்பர் முதல் ஜெர்மானிய விமானங்கள் இலண்டன் மாநகர்மீது குண்டுமாரி பொழிந்தன. போரால் அல்லலுற்ற குழந்தைகளுக்காக அன்னா பிராய்டு அம்மையாரும் டாரத்தி பர்லிங்காம் அம்மையாரும் அங்கே ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் காப்பகம் நடத்தினர். தாயின் மடியிலிருந்து குண்டுவீச்சைக் கண்ட குழந்தைகளைவிட, பத்திரமான ஊருக்கு அனுப்பப்பட்டுத் தாயைப் பிரிந்தவர்களே மிகுதியும் வாடினர் என அவர்கள் கண்டனர். நன்றாகப் பேசிய பிள்ளை பேச்சை மறந்தது, படுக்கையை நனைத்தது. இதைப் பிடிவாதம் என்றெண்ணி அடிப்போரும் உண்டு. எவ்வளவு தவறு! விடுதியில் சேர்ந்த முதல் வாரம் தலையணையில் முகம் புதைத்து அழுத மாணவியரைக் கேளுங்கள்.

காப்பகத்தில் முதலில் செவிலியர் அனைவரும் எல்லாக் குழந்தைகளையும் பொதுவாகவே கவனித்தனர். 1942-இல், ஏறத்தாழ நான்கு குழந்தைகளுக்கு ஒரு செவிலித்தாய் எனச் சிறு குடும்பங்களாகப் பிரித்தனர். உடனே அமைதி வந்ததா? இல்லை. தம் செவிலித்தாய் தமக்கே உரியவர் என்று பொறாமையும் சண்டையும் அழுகையும் பெருகின. நாளடைவில் அவை தணிந்தன. பேச்சு வளர்ந்தது, நற்பழக்கமும் திரும்பியது. பெற்ற தாய்மார் வந்து பார்க்கவும் அங்கே நேரக் கட்டுப்பாடு இல்லை.