சுவிசேஷப் பணியும் காணொளியும்

அப்போஸ்தலர் நடபடிகளின் எட்டாம் அதிகாரத்திலே, எருசலேமிலிருந்து காசாவுக்குச் செல்லும் வனாந்தரப் பாதையில், எத்தியோப்பிய மந்திரி ஒருவர் இரதத்திலிருந்து ஏசாயாவின் ஆகமத்தை வாசித்துச் சென்ற வரலாறு கூறப்பட்டுள்ளது. நூல் அவர் கையிலிருந்தது; வாசிக்கவும் அறிந்திருந்தார்; ஆயினும் பொருள் விளங்கவில்லை. பிலிப்பு ஓடிச்சென்று, விளங்குகிறதா என வினவி, அழைக்கப்பெற்று அவரருகே ஏறியமர்ந்தான். அதன் பின்னரும் முதலிற் பேசினவன் பிலிப்பு அல்லன்; தீர்க்கதரிசி யாரைக்குறித்துச் சொல்லுகிறார் என்று கேட்டவர் மந்திரியே. யூடியூபிலும் முகநூலிலும் நாடோறும் பெருகிவரும் கிறிஸ்தவக் காணொளிகளைப்பற்றி ஆராயப்புகுந்த எமக்கு, இவ்வரலாறே முதற்கண் நினைவிற்கு வந்தது.

கைபேசியிற் சுவிசேஷமா என முகஞ்சுளிக்கும் பெரியோர் சிலர் உளர். அவர் கூற்றுக்கு யாம் உடன்படோம். 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், அச்சுப்பொறியை வருவித்து, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அன்று அதுவும் புதுமையேயன்றோ?

அவர் செய்த பிறிதொரு பணியைப் பலர் அறியார். 1712 முதல் 1714 வரை அவரும் அவருடைய உடனூழியர் கிரண்டலரும் தமிழ் மக்களுக்கு வினாக்கள் எழுதியனுப்பி, விடைகளைப் பெற்று, அவற்றுள் 99 கடிதங்களை ஜெர்மன் மொழியிற் பெயர்த்து ஹாலே நகரில் அச்சிடச் செய்தனர். ஐரோப்பியக் கிறிஸ்தவரின் நடையைத் தமிழர் அவற்றிற் சிறிதும் அஞ்சாது கண்டித்திருக்கின்றனர். போதிக்க வந்தவரே தம்மவரைப்பற்றிப் பிறர் சொல்வதைக் கேட்டுத் தம் நாட்டார்க்கும் காட்டினரென்பது, தமிழ் பயிலும் எமக்கு அவர்தம் அச்சுப்பொறியினும் பெரிதாகத் தோன்றுகின்றது.

நிற்க. லூக்கா சுவிசேஷத்தைத் தழுவி 1979இல் வெளிவந்த ‘ஜீசஸ்’ என்னும் திரைப்படம் 2,000க்கு மேற்பட்ட மொழிகளிற் குரல் மாற்றஞ் செய்யப்பட்டுள்ளது. சிற்றூர்களில் வெண்டுணியைக் கட்டி அதனைக் காட்டிய ஊழியர், படம் முடிந்ததும் கூட்டத்தாருடன் உரையாட அங்கேயே நின்றனர். இன்று அதே படம் நள்ளிரவிலும் ஒருவர் உள்ளங்கைக்குள் வருகின்றது; உடன் நிற்பவர்தாம் இலர். காணொளி எத்துணைச் சிறந்ததாயினும் அது மந்திரியின் கையிலிருந்த ஆகமச் சுருள் போன்றதே, பிலிப்பு ஆகாது. இவ்வேற்றுமையை மறப்பதாற்றான் தீங்கு விளைகின்றது என்பது எம் துணிபு.

2005இல் தோன்றிய யூடியூப், 2012 முதல், எத்துணைப் பேர் திறந்தனர் என்பதினும், எவ்வளவு நேரம் நோக்கினர் என்பதற்கே முதன்மையளித்துக் காணொளிகளைப் பரிந்துரைக்கலாயிற்று. கண்ணை அகலவொட்டாது பிடிப்பவன் வெல்வான். ஆகவே, ‘இன்றிரவே உனக்கு அற்புதம்’, ‘இதைத் தள்ளிவிடாதே’ என்னுந் தலைப்புக்கள் பிரசங்கங்களுக்கும் வந்தேறின. பத்துப் பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம் உண்டென வாட்சப்பில் வருபவை சுவிசேஷமல்ல, மூடநம்பிக்கையே. எல்லாரும் இங்ஙனமல்லர். 2014இல் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் தொடங்கிய ‘பைபிள் பிராஜெக்ட்’, வேதாகம நூல் ஒவ்வொன்றின் அமைப்பையும் அசையுஞ் சித்திரங்களால் இலவசமாக விளக்குகின்றது. அச்சுறுத்துவதுமில்லை, ஆசை காட்டுவதுமில்லை. தமிழிற் குரல் மாற்றிய காணொளிகள் பலவற்றின் நடையோ கல்லுங் கரடுமாயிருக்கின்றது. குறவஞ்சியைத் தம் மக்கள் விரும்புவதறிந்து பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கேட்பின் செவி பொத்துவார்!

இனி, யாம் கண்டதொன்று. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது ஆலயங்கள் மூடப்பட்டமையால், பள்ளிப் பருவத்தினராயிருந்த யாம் ஞாயிறுதோறும் எம் பாட்டியார்க்குக் கைபேசியில் ஆராதனை காட்டிவந்தோம். அவர் வெள்ளாடை யுடுத்து, முக்காடிட்டு, அதன்முன் அமர்வார். ஒருநாட் பிரசங்கம் யோபுவைப்பற்றியது. இழந்ததையெல்லாம் யோபு இரட்டிப்பாய்ப் பெற்றான் எனப் போதகர் மகிழ்ந்துரைத்தபொழுது, இளமையில் ஒரு மகனைப் பறிகொடுத்த பாட்டியார் திரையை நோக்கி, “ஐயரே, பின்னாலே பிறந்த பிள்ளைகள் முன்னாலே செத்த பிள்ளைகளுக்கு ஈடாகுமா?” என்று கேட்டுவிட்டார். திரையிலிருந்தவர் அடுத்த வசனத்திற்குச் சென்றார். யாம் அக்கேள்வியைத் தட்டச்சு செய்து அக்காணொளியின்கீழ் இட்டோம். கூப்பிய கைகளின் படமும் காணிக்கை செலுத்துவதற்குரிய கணக்கெண்ணும் மறுமொழியாக வந்தன.

ஊரடங்கு தளர்ந்தபின் எங்கள் சபையின் முதிய உபதேசியார் வீட்டுக்கு வந்து திண்ணையில் அமர்ந்தார். பாட்டியார் அதே கேள்வியை அவரிடம் கேட்டார். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “ஈடாகாதம்மா” என்றார். பின்னர், இறந்துபோன தம் மகளின் பெயரைச் சொன்னார். அதுவரை எங்களில் ஒருவரும் அப்பெயரை அறியோம். பாட்டியார் எழுந்து அவருக்குக் காப்பி கொணரச் சென்றார்.