புகைப்படம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும்

பரிசளிப்பு விழா, பழைய மாணவியர் ஒன்றுகூடல், கல்யாண வீடு என்று எதுவானாலும் புகைப்படங்களைக் கோர்த்துக் காணொளி செய்வது இன்று வழக்கமாகிவிட்டது. படத்தின் மேல் பக்கவாட்டில் மெல்ல நகர்வதை ‘பான்’ என்றும், நெருங்கிச் செல்வதை ‘சூம்’ என்றும் சொல்கிறோம். ஆனால் நாம் கேட்காத அசைவுகளும் கூடவே வந்துவிடுகின்றன. படம் நடுங்கும், முன்னே போவதற்குமுன் சற்றுப் பின்னே போகும், முகம் ஓரத்துக்கு வழுக்கிவிடும். உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பயிலும் மாணவி என்ற வகையில், இவற்றின் காரணங்களையும் திருத்தும் முறைகளையும் இங்கே தருகிறேன்.

எங்கள் ஊருக்கு இது சின்ன விடயமல்ல. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எத்தனையோ அல்பங்கள் வீடுகளோடு நின்றுவிட்டன. சோனகதெருவில் ஒரு குடும்பத்திடம் மிஞ்சியிருப்பது சிலவேளை ஒரேயொரு படம்தான். அது திரையில் ஆறு செக்கன் நிற்கும்போது நடுங்கினால், முகத்தைப் பார்க்க வந்தவர் நடுக்கத்தைத்தான் பார்த்துவிட்டுப் போவார்.

அசையாத படத்தை அசைத்துக் காட்டுவது கணினிக்கு முந்திய கலை. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1957இல் வெளியிட்ட ‘சிட்டி ஒப் கோல்ட்’ என்ற ஆவணப்படம், டோசன் நகரத்தின் பழைய புகைப்படங்கள் மேல் கெமராவை நகர்த்தியே கதை சொன்னது. அதன் பாதிப்பைப் பெற்ற அமெரிக்க இயக்குநர் கென் பேர்ன்ஸின் பெயரால்தான் இன்று மென்பொருள்களில் ‘கென் பேர்ன்ஸ் இபெக்ட்’ இருக்கிறது.

கீபிரேம் என்பது நாம் கொடுக்கும் கட்டளை. “இந்த நேரத்தில் படம் இந்த இடத்தில், இந்த அளவில் இருக்க வேண்டும்” என்கிறோம். இரண்டு கீபிரேம்களுக்கு இடையில் என்ன நடக்க வேண்டும் என்பதை மென்பொருளே கணக்கிடுகிறது. வேண்டாத அசைவு பெரும்பாலும் பிறப்பது அந்த இடைவெளியில்தான். எனவே பின்வரும் ஒழுங்கில் தேடிப் பாருங்கள்.

1. முதலில் குறை உண்மையானதா என்று பாருங்கள். கையடக்கத் தொலைபேசியோ பழைய கணினியோ முன்னோட்டத்தில் திணறுவதுண்டு. சிறு பகுதியை மட்டும் ஏற்றுமதி செய்து பாருங்கள். அதில் நடுக்கம் இல்லையென்றால் திருத்த எதுவும் இல்லை.

2. படம் திடீரென்று துள்ளினால், ஒட்டி ஒட்டி இரண்டு கீபிரேம்கள் இருக்கின்றனவா என்று நேரக்கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பிரேம் தள்ளி நின்று திருத்தினால் பழையது மாறாது. புதிது ஒன்று சேரும். கீபிரேமுக்குக் கீபிரேம் தாவும் அம்புக்குறியைப் பயன்படுத்தினால் இது நேராது.

3. நிற்க வேண்டிய இடத்தில் படம் மிதந்தால், பாதை வளைந்திருக்கிறது. முதல் இரண்டு கீபிரேம்களும் ஒரே இடம், மூன்றாவது வேறு இடம் என்று வைப்போம். மென்பொருள் பாதையை அழகாக வளைக்க முயல்வதால், நிற்கும் நேரத்திலேயே படம் எதிர்த் திசையில் சற்றுப் போய்த் திரும்பும். அடோபி மென்பொருள்களில் ‘ஸ்பேஷல் இன்டர்பொலேஷன்’ என்பதை ‘லீனியர்’ ஆக்கினால் வளைவு நேராகும்.

4. நெருங்கும்போது முகம் விலகினால், ஆங்கர் பொயின்டைப் பாருங்கள். சூம் அந்தப் புள்ளியைச் சுற்றியே நடக்கிறது. அது படத்தின் நடுவில் இருக்க, முகம் ஓரத்தில் இருந்தால் முகம் வெளியே தள்ளப்படும். கீபிரேம் வைக்கும் முன்பே புள்ளியை முகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

5. சூம் ஒரே சீராக இல்லையென்றால், கணக்கைப் பாருங்கள். 10 செக்கனில் 100 வீதத்திலிருந்து 200 வீதத்துக்குப் போகும்போது, முதல் செக்கனில் படம் பத்தில் ஒரு பங்கு வளர்கிறது. கடைசிச் செக்கனில் 190இலிருந்து 200. ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். அதனால் தொடக்கம் வேகமாகவும் முடிவு மந்தமாகவும் தெரிகிறது. 100இலிருந்து 115 வரை என்று சூமைக் குறைத்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குப் படாது. பானும் சூமும் சேர்ந்து வந்தால் இரண்டும் ஒரே பிரேமில் தொடங்கி ஒரே பிரேமில் முடியட்டும்.

6. மிக மெதுவான நகர்வு தத்தித் தத்திப் போனால், காரணம் பிக்சல். செக்கனுக்கு 25 பிரேம் என்றால் 10 செக்கனில் 250 பிரேம்கள். அதற்குள் 25 பிக்சல் மட்டும் நகர்த்தினால், முழுப் பிக்சலாகவே நகர்த்தும் செயலியில் படம் பத்துப் பிரேமுக்கு ஒருமுறைதான் அசையும். தூரத்தைக் கூட்டுங்கள், அல்லது நேரத்தைக் குறையுங்கள். படத்தைப் பெரிதாக ஸ்கேன் செய்வதும் உதவும். 1920 பிக்சல் அகலக் காணொளியில் 150 வீதம் நெருங்க 2880 பிக்சல் அகலம் வேண்டும். ஆறு அங்குல அகலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 3600 கிடைக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது குறையைத் தீர்த்தது என்று தெரியாமலே போகும்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். படங்களை எங்களிடம் தரும்போது, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லித் தாருங்கள். பார்வை எந்த முகத்தில் தொடங்கி எந்த முகத்தில் நிற்க வேண்டும் என்பதை மென்பொருள் அறியாது, நீங்கள் அறிவீர்கள்.

தோழியரே, வேலை முடிந்ததும் ஒலியை நிறுத்திவிட்டு வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவருக்குக் காட்டுங்கள். “படம் ஆடுது” என்றால் மீண்டும் கீபிரேம்களிடம் போங்கள். திரையை நோக்கிக் கை நீட்டி ஒவ்வொருவர் பெயராகச் சொல்லத் தொடங்கினால், உங்கள் வேலை சரியாக முடிந்துவிட்டது.