இளம் மருத்துவருக்கு: தைராய்டும் இரத்தக் கட்டியும்

தைராய்டு மிகையாகச் சுரந்தால் இரத்தம் உறையும் போக்கு கூடுகிறது. ஃபைப்ரினோஜென், எட்டாம் காரணி, வான் வில்லிபிராண்ட் காரணி ஆகியவை இரத்தத்தில் உயர்கின்றன; உறைந்ததைக் கரைக்கும் வேலையும் மந்தமாகிறது. காலின் ஆழ்சிரையிலும் நுரையீரலிலும் கட்டி உண்டாகலாம், அரிதாக மூளைச் சிரையிலும். கிரேவ்ஸ் நோயுள்ள இளம்பெண், கருத்தடை மாத்திரையும் எடுத்துக்கொண்டு, நாளுக்கு நாள் கூடும் தலைவலியோடு வந்தால், ஒற்றைத் தலைவலி என்று எழுதி அனுப்பிவிடக் கூடாது.

மிகைச் சுரப்புள்ளவர்களில் சுமார் 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பு வருகிறது. மேலறையில் தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தத் துடிப்பு புதிதாகத் தெரியும் எவருக்கும் டிஎஸ்எச் பார்த்தாக வேண்டும்.

சுரப்பு மிகவும் குறைந்தாலோ நிலைமை தலைகீழ். வான் வில்லிபிராண்ட் காரணி குறைந்து, பல் பிடுங்கினால் இரத்தம் நிற்காது. மாதவிலக்கில் உதிரப்போக்கு மிகும்.

கவனம் பிசகுவது பெரும்பாலும் வார்ஃபரினில். செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு இன்றும் அந்த மருந்துதான். மிகைச் சுரப்பில் உறைதல் காரணிகள் வேகமாகச் சிதைவதால் குறைந்த அளவே போதும். கார்பிமசோலால் சுரப்பு தணியத் தணிய அதே அளவு பற்றாமல் போகும். குறைச் சுரப்புக்குத் தைராக்சின் தொடங்கினால் ஐஎன்ஆர் ஏறி இரத்தக் கசிவு வரலாம். தைராய்டு மாத்திரையைப் பலதுறை மருந்தகமும் வார்ஃபரினை மருத்துவமனையும் கவனிக்கும்போது, ஒரு பக்கத்து மாற்றம் மறுபக்கத்துக்கு எட்டாமல் போவது எளிது.

சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகளில், சீனரைவிட இந்தியருக்குச் சராசரியாக அதிக வார்ஃபரின் தேவைப்படுவது தெரிந்தது; விகேஓஆர்சி1 மரபணு வேறுபாடு அதற்கு முக்கியக் காரணம். சிராங்கூன் சாலைப் பக்கம் மருத்துவம் பார்ப்பவர் ஒருவரின் அளவை வைத்து இன்னொருவருக்கு ஊகிக்க முடியாது. சாப்பாட்டையும் கேட்க வேண்டும். தேக்கா சந்தையில் வாங்கும் முருங்கைக்கீரையில் வைட்டமின் கே நிறைய உண்டு. அது வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். பாட்டியிடம் கீரையை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடச் சொன்னால் போதும். தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் தங்குபவருக்குச் சாப்பாடும் மாறும், பரிசோதனையும் தள்ளிப்போகும்.

வார்ஃபரின் சாப்பிடுபவருக்குத் தைராய்டு மருந்தின் அளவை மாற்றும் மருத்துவர், அடுத்த ஐஎன்ஆர் பரிசோதனைத் தேதியையும் அன்றே எழுதி நோயாளி கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.